திருப்பிக்கொடுக்கப் பதினான்கு நாள்

கன்னிங்டன் கடைப் பையன்
அதை இரண்டு விரலில் தூக்கிக் காட்டினான்,
பொரித்த அப்பளத்தைத் தூக்குவதுபோல.
பையில் இருப்பதே தெரியாது என்றான்.
பிடிக்காவிட்டால் பதினான்கு நாளுக்குள்
ரசீதோடு வரலாம் என்றான்.

எனக்குச் சுரங்கத்தில் எட்டு நாள், வீட்டில் ஆறு.
கூட்டினால் பதினான்கு.
ஒரு சுற்று என்னோடு உழைத்துப் பார்க்கட்டும் என்று
வாங்கிவிட்டேன்.
விலையைத் தயாபரனிடம்
இரண்டு தவணையாகச் சொன்னேன்.

மாவு நிறுக்கும் தராசில்
தொள்ளாயிரத்து எண்பத்தேழு கிராம்.
பழையது இரண்டரைக் கிலோ.
அதன் சார்ஜர் தனிச் செங்கல்.

விடியுமுன் பெர்த் விமான நிலையம்,
ஆரஞ்சுச் சட்டைகளின் வரிசை.
நியூமன் போய்ச் சேருமட்டும்
முன்னிருக்கைக்காரர் முழுதாகச் சாய்ந்தும்
திரை மடங்காமல் நின்றது. அது நல்லது.
ஜன்னல் வெயில் ஏறியதும்
வரைபடம் மறைந்து என் முகம் தெரிந்தது.
அது நல்லதில்லை.
நான்கு மணிக்கு எழுந்த முகம்.

விசைகளுக்கு ஆழமில்லை.
புள்ளி விழுந்ததா என்று விரலுக்கே சந்தேகம்.
இரவில் மகளுக்கு எழுதும்போது
'கல்' என்று அடித்தால் 'கல' என்று நிற்கிறது.
நறுமுகை திருத்தி அனுப்புகிறாள்,
சிவப்பு எழுத்தில், மதிப்பெண்ணும் போட்டு.

துளைகள் இரண்டே.
பிரெண்டனின் பென்டிரைவ் எதிலும் நுழையவில்லை.
எதைச் சேர்ப்பதென்றாலும் ஓர் இடைச்செருகல் வேண்டும்,
அதை நான் அறையில் விட்டு வந்திருப்பேன்.

விசிறி இல்லை, ஆகவே சத்தமில்லை.
நாற்பத்து மூன்று டிகிரியில், வண்டிக்குள்,
துளையிட்ட மண்ணின் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது
அடிப்பாகம் தோசைக்கல் ஆனது.
பெயர்தான் மடிக்கணினி.
பிடிவாதமாக மடியில் வைத்த ஆள்
கால்சட்டையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

பதினெட்டு மணி நேரம் தாங்கும் என்று அட்டைப்பெட்டி சொன்னது.
பதினொன்று தாங்கியது.
என் வேலை பன்னிரண்டு.
கடைசி ஒரு மணி நேரம்
நானும் அப்படித்தான், குறை சொல்லவில்லை.

ஆனால் ஒன்று.
பையன் சொன்னது உண்மை: பையில் இருப்பதே தெரியவில்லை.
சாப்பாட்டுக் கூடத்தில் ஒருமுறை,
கழிப்பறை வாசலில் ஒருமுறை,
முகாம் பாதையில் நடந்துகொண்டே
முதுகுக்குக் கை கொண்டுபோய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
பழையது தோள்பட்டையை அறுத்து
'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே வரும்.
இது வாய் திறக்காது.
ஐந்தாம் நாள் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.
ஓட்டுநர் மெரில் இரண்டு விரலில் தூக்கி வந்து,
"இதற்குள் ஏதாவது இருக்கிறதா?" என்றாள்.
இரண்டு வருடத்து நிலத்தடி நீர் இருந்தது.

எட்டாம் நாள் பிரெண்டனிடம் கேட்டு
ஒரு கல் எடுத்துக்கொண்டேன்,
இரும்புத் தாது, ஒரு பக்கம் உலோகமாக மின்னும்,
மறுபக்கம் தொட்டால் விரல் சிவக்கும்.
நறுமுகைக்குப் பள்ளியில் காட்ட வேண்டுமாம்.
சாக்ஸில் சுற்றிக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
பை மறுபடி தோளை அறுத்தது.
திரும்பும் விமானத்தில் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காமல்
பெர்த் வரை தூங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் பழைய பல் துலக்கியால் துடைத்தேன்.
திரை சுத்தம், விசைகள் சுத்தம்.
கீல் இடுக்கில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு,
மயிரிழைதான், ஊதினாலும் போகவில்லை.
கடைப் பையன் அதைப் பார்ப்பானோ?
மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.
நல்ல கீல். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதினான்காம் நாள், சனி,
கடை ஐந்து மணிக்கு மூடும்.
மூன்றரைக்கு ரசீதைத் தேடினேன்.
சமையல் மேடையில் தராசு, தராசின்மேல் கல்,
கல்லுக்கடியில் ரசீது.
ஒரு கிலோ அறுநூற்றுப் பத்து என்று
அதன் முதுகில் எழுதி வைத்திருந்தாள் மகள்,
சிவந்த விரல்தடங்களோடு.
புள்ளி எல்லாம் சரியாக இருந்தது.